ஒரு முகத்துக்கான அனுமதி

மூன்று கிழமையாக நான் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்து சம்பளம் எடுத்தேன். களவு இல்லை, அதுதான் என் வேலை. நியமனக் கடிதத்தில் 'தமிழ்மொழிக் கருத்துப் பரிசீலகர் (தற்காலிகம்)' என்று போட்டிருந்தது.

சீனாவிலிருந்து வந்த ஓர் இணையத் தொலைக்காட்சி நிறுவனம் உப்புவெளிக் கடற்கரையில் நிகழ்ச்சி எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கிறவர்கள் எழுதும் கருத்துகள் திரையின் வலப்பக்கத்தில் புறப்பட்டு, நடிகர்களின் மூக்குக்கு மேலாலும் நெற்றிக்கு மேலாலும் பறந்து, இடப்பக்கம் போய் மறையும். முதன்முதலாகப் பார்த்தபோது என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துவிட்டேன். அங்கே உள்ள இளசுகளுக்குக் கருத்துப் பறக்காத படம் உப்பில்லாத கறி மாதிரி. கதாநாயகி அழுதால், 'நானும் அழுகிறேன்' என்று பத்தாயிரம் பேர் எழுதுவார்கள். அந்தப் பத்தாயிரமும் பறக்கும்போது கதாநாயகியைக் காணக் கிடைக்காது. அதைப்பற்றி ஒருவரும் முறைப்பாடு செய்ததில்லை.

எந்த மொழியில் கருத்து வந்தாலும், அது பறக்க முன்னர் அந்த மொழி தெரிந்த ஒருவர் அதைச் சீனத்தில் பெயர்த்து எழுதி, பச்சைப் பொத்தானையோ சிவப்புப் பொத்தானையோ அழுத்த வேண்டும் என்பது விதி. படப்பிடிப்பு தமிழ் பேசும் ஊரில் என்பதால் தமிழுக்கும் ஓர் ஆள் வேண்டும் என்று தலைமையகம் தீர்மானித்தது. சீனாவில், குவாங்சோ நகரத்தில் ஆறு வருடம் கடைச் சரக்கு வாங்கி அனுப்பிக்கொண்டிருந்த கிண்ணியா இல்ஹாமாகிய நான் அகப்பட்டேன்.

தமிழில் ஒரு கருத்தும் வரவில்லை. நான் ஒவ்வொரு பின்னேரமும் அறிக்கை அனுப்பினேன்: 'வந்த தமிழ்க் கருத்துகள்: பூச்சியம். அவற்றுள் தீங்கானவை: பூச்சியம்.' ஒருநாள் இரண்டாவது பூச்சியத்தைப் போட மறந்துபோனேன். தீங்கான கருத்துகளின் தொகையை ஏன் மறைத்தீர் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

நிகழ்ச்சியின் பெயர் 'தூரத்துக் கடல், கிட்டத்துச் சொந்தம்'. ஷென் மூபாய் என்ற இருபத்துமூன்று வயது நட்சத்திரம் நகரத்து வாழ்க்கையை விட்டுவிட்டு ஒரு மாதம் எளிய மீனவனாக வாழ்வதுதான் கதை. அந்த எளிய வாழ்க்கைக்கு எண்பத்துநாலு பணியாளர்களும் இரண்டு ஜெனரேட்டர்களும் தேவைப்பட்டன. மூபாய்க்கு மீன்பிடி பழக்குவதற்கென்று பக்கத்து ஊரான சல்லியைச் சேர்ந்த கரைவலைக் குழு ஒன்றைப் பிடித்திருந்தார்கள். படகில் போய்க் கடலில் வலையை வளைத்து விட்டு, கரையில் இரண்டு பக்கமும் நின்று கயிற்றை இழுக்கிற குழு. அதன் தலைவர் கதிரவேல் அண்ணன்.

நாற்பது வருடமாகக் கடலில் கிடந்த மனிதர். காதில் கடுக்கன், வாயில் வெற்றிலை, வெற்றிலை இல்லாத நேரத்தில் பீடி. வலது முன்கையில் 'அனுஷியா' என்று பச்சை குத்தியிருந்தது. போன தேர்தலில் யாரோ கொடுத்த டீ-சேட்டைத்தான் எப்போதும் போட்டிருப்பார். அந்த வேட்பாளர் தோற்றுப்போனார், சேட்டு இன்னும் உழைக்கிறது.

முதல் கிழமை ஒரு மத்தியானம் அவருடைய மனைவி கோணேஸ்வரி அக்கா சாப்பாட்டுப் பார்சலோடு வந்தவர், நேரே என் கூடாரத்துக்குள் நுழைந்தார்.

"தம்பிக்குத்தானே சீனம் தெரியும்? இந்த நிகழ்ச்சி சிங்டாவில தெரியுமோ?"

"சீனா முழுக்கத் தெரியும் அக்கா. ஏன்?"

"மகள் அங்கதான் படிக்கிறாள். அப்ப இவரின்ர முகத்தை ஒருக்கா வடிவாக் காட்டச் சொல்லுங்கோ. அவர் கேக்கமாட்டார், நான்தான் கேக்கிறன். அஞ்சு மாசமாத் தகப்பனும் மகளும் கதையில்லை."

கதை இதுதான். அனுஷியா டாக்குத்தருக்குப் படிக்கச் சீனா போனவள். பஸ் ஏற்றிவிடப் பாதிச் சல்லி வந்தது. இரண்டாம் வருடம் ஒருநாள் போன் எடுத்து, மருத்துவத்தை விட்டுவிட்டு மீன்வளத் துறைக்கு மாறி, சிங்டாவ் என்ற கடற்கரை நகரத்துக்கு வந்துவிட்டேன் என்றாள். கதிரவேல் அண்ணனுக்கு வந்த கோபத்தில், "மீன் படிக்கச் சீனாவுக்கோ? அதுக்கு என்ர வள்ளத்தில ஏறியிருக்கலாமே! இனி என்னோட கதைக்காதை" என்று சொல்லிவிட்டார். அவள் அவருடைய மகள்தானே, கதைக்கவில்லை. அங்கே வேலை செய்கிற சீனச் செயலி ஒன்றில் தாயோடு மட்டும் கதைப்பாள். அந்த நேரம் பார்த்துத் தகப்பன் பக்கத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்துவார். போனை நீட்டினால் எழும்பிப் போய்விடுவார்.

இரண்டு நாள் கழித்து அவரே படகுக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டார்.

"மனுசி ஏதோ சொன்னவளாம். அதைக் கணக்கெடுக்காதையுங்கோ தம்பி." பீடியை ஒருமுறை இழுத்தார். "நானாக் கூப்பிட ஏலாது. வாய் விட்டுட்டன். ஆனா அவளாத் திரையில என்னைப் பாத்தா அது வேற. பாத்தால் போதும். இந்தப் பொடியனுக்குக் கயிறு பிடிக்கக் காட்டிக்குடுக்க நான் ஓம் எண்டதே அதுக்குத்தான்."

சின்ன விஷயம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அது சின்ன விஷயம் என்று நான் உண்மையாகவே நினைத்தேன்.

அடுத்த நாள் இயக்குநர் லியு மேடம் எல்லாரையும் கூட்டி, திரையில் என்னென்ன வரக்கூடாது என்ற பட்டியலை வாசித்தார். பாவம், நல்ல மனுசி. இரவு பகலாகத் தலைமையகத்தின் செய்திகளுக்குப் பதில் போட்டே கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. பட்டியல் அவருடையது இல்லை, மேலிருந்து வந்தது. திரையில் 'நேர்மறை ஆற்றல்' மட்டுமே இருக்க வேண்டுமாம். கூடாத எதுவும் தென்பட்டால் இயந்திரம் அந்த இடத்தைத் தானாகவே கட்டம் கட்டமாக மங்கலாக்கிவிடும். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, கதிரவேல் அண்ணன் தன் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"பச்சை குத்தினது தெரியக் கூடாது அண்ணன்."

"கை போச்சு."

"ஆம்பிளையள் காதில ஒண்டும் போடக் கூடாது."

"காது போச்சு."

"புகைக்கக் கூடாது. இரத்தம் மாதிரிச் சிவப்பா ஒண்டும் தெரியக் கூடாது. உங்கட வாயைச் சொல்லுறாங்கள். அரசியல் எழுத்து இருக்கிற உடுப்பும் சரிவராதாம்."

"நெஞ்சும் போச்சு. அப்ப மிச்சம் என்ன இருக்கு தம்பி?"

"கண்ணும் மூக்கும் இருக்கு அண்ணன்."

"அது காணும்" என்றார் நிம்மதியாக. "என்னை அவளுக்கு மூக்கில தெரியும். அவளுக்கும் உதே மூக்குத்தான்."

பீடியை விடுகிறேன், வெற்றிலையை விடுகிறேன், வேறு சேட்டுப் போடுகிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் பட்டியலின் கடைசி வரி எல்லாவற்றையும் தின்றுவிட்டது. வெளிநாட்டவரின் முகம் திரையில் வருவதென்றால், அந்த முகம் அவருடையதுதான் என்பதற்கு உள்ளூர் அதிகாரம் பெற்ற நிறுவனத்தின் சான்று வேண்டுமாம்.

அந்த நிறுவனம் நகரத்தில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மாடியில் இருந்தது. பெயர் கீழைக் கடலோரக் கலாசார இணைப்புப் பணியகம். பணிப்பாளர் ஸைனுலாப்தீன் சேர். அவருடைய கதிரைக்கு மட்டும் மெத்தை உண்டு. எங்களை இருக்கச் சொல்லிவிட்டு, அரை மணித்தியாலம் பணியகத்தின் சாதனைகளை விளக்கினார்.

"எட்டு வருசமாச்சு இந்தப் பணியகம் தொடங்கி. இதுவரைக்கும் பொதுமக்களிட்ட இருந்து ஒரு முறைப்பாடு வந்திருக்கா? வரல்ல. முறைப்பாட்டுப் பெட்டிய நாங்க இன்னும் திறக்கவே இல்ல, பூட்டுக்குத் திறப்புக் கொழும்பில இருந்து வரவேணும். ஆனாப் பெட்டி சுவரில இருக்கு, ஆரும் வந்து பாக்கலாம். அதுதான் வெளிப்படைத்தன்மை எண்டுறது."

"ஓம் சேர்" என்றேன். "இவருக்கு ஒரு முகச் சான்று..."

"அது ஒரு பிரச்சினையும் இல்ல. கிராம சேவகரிட்ட ஒரு கடிதம் எடுத்து வாங்க. படத்தை ஒட்டி, படத்துக்கு மேலால முத்திரை குத்தியிருக்கோணும். முத்திரை குத்தாத முகத்த நாங்க எப்படி நம்புற?"

கதிரவேல் அண்ணன் நகரத்தில் படம் பிடித்தார். ஆயுளில் முதல் தடவையாக வாயைக் கொப்பளித்துவிட்டுப் பிடித்த படம். கிராம சேவகர் நல்ல மனிதர், உடனேயே எழுதிக் கொடுத்தார். கடிதம் இப்படி இருந்தது: 'மேற்படி படத்தில் காணப்படும் முகம் மேற்படி நபருக்கே உரியதெனவும், அவர் அதனைப் பிறப்பு முதல் தொடர்ச்சியாகப் பாவித்து வருகிறாரெனவும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.' கீழே ஒப்பம். மேலே, படத்தின் நட்டநடுவில், வட்ட முத்திரை. யாரும் படத்தை மாற்றி ஒட்டிவிடாதபடி மூக்கிலே வைத்து நன்றாக அழுத்திக் குத்தியிருந்தார்.

ஸைனுலாப்தீன் சேர் கடிதத்தைப் பார்த்து, "அச்சொட்டா இருக்கு" என்று மெச்சி, தானும் ஒரு முத்திரையை நெற்றியில் குத்தினார். நான் அதைத் தலைமையகத்துக்கு அனுப்பினேன். முகம் பார்க்கிற இயந்திரம் நாலு நொடியில் பதில் தந்தது: 'படத்தில் முகம் எதுவும் காணப்படவில்லை.'

முத்திரை இல்லாத படத்தை அனுப்பலாமா என்று லியு மேடத்தைக் கேட்டேன். பணியகம் ஒப்புக்கொண்டால் அனுப்பு என்றார். பணியகத்தைக் கேட்டேன்.

"முத்திரை இல்லாத முகத்துக்கு நான் பொறுப்பு நிக்க ஏலாது தம்பி" என்றார் ஸைனுலாப்தீன் சேர். "நாளைக்கு அந்த முகம் ஏதும் செஞ்சா ஆர் பதில் சொல்ற?"

இப்படியாக, முத்திரை உள்ள முகத்தை அங்கே ஏற்கவில்லை, முத்திரை இல்லாத முகத்தை இங்கே ஏற்கவில்லை. நான் இரண்டு பக்கமும் ஒன்பது கடிதம் மொழிபெயர்த்தேன். ஒன்பதிலும் 'தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்று இருந்தது.

இதற்கிடையில் மூபாயின் ரசிகர்கள் வேறு கிளம்பிவிட்டார்கள். அவர்கள் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. தரவுப் பிரிவு, வாக்குப் பிரிவு, கருத்துப் பிரிவு என்று பிரித்து, எங்கள் மாவட்டத்துத் திணைக்களங்கள் எல்லாவற்றையும்விட ஒழுங்காக நடத்துகிறார்கள். பட்டியல் வர முன்னரே வெளியான முன்னோட்டத் துண்டு ஒன்றில், முதுகை மட்டும் காட்டிக்கொண்டு, ஒரு கிழட்டு மீனவன் மூபாயைவிடப் பதினொரு நொடி கூடுதலாகத் திரையில் நின்றதாகத் தரவுப் பிரிவு கண்டுபிடித்து, நாற்பதாயிரம் பேர் ஒப்பமிட்டுக் கண்டனம் வெளியிட்டது. லியு மேடம் பெருமூச்சு விட்டார்.

"முகச் சான்று கிடைக்காமல் போனது நல்லதாய்ப் போயிற்று" என்று சீனத்தில் என்னிடம் சொன்னார். "மங்கலான ஆட்களை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை."

மூபாயைக் குறை சொல்ல மாட்டேன். வியர்க்கக் கூடாது என்று அவனுடைய ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஒருநாள் குடைக்காரரிடமிருந்து தப்பிப் படகுக்குப் பின்னால் வந்து, கதிரவேல் அண்ணனிடம் சைகையால் ஒரு பீடி கேட்டான். அவர் தன் வாயில் இருந்ததையே கொடுத்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் மாறி மாறி இழுத்தார்கள். அன்றிலிருந்து அவரைக் கண்டால் அவன் முகம் மலரும்.

கடைசி நாள் நிகழ்ச்சி நேரடி ஒளிபரப்பு. பின்னேரம் நாலு மணி, சீனாவில் ஆறரை. வலை நிறைய மீனோடு கரைக்கு வர வேண்டும், மூபாய் மகிழ்ச்சியில் துள்ள வேண்டும், ஊர் கைதட்ட வேண்டும். ஒத்திகைக்கு மூன்று நாள் வலை போட்டார்கள். முதல் நாள் கொஞ்சம் சொறி, அதாவது ஜெல்லிமீன், வந்தது, இரண்டாம் நாள் ஒற்றைக் கால் செருப்பு வந்தது, மூன்றாம் நாள் அதுவும் இல்லை. வெறும் வலை எதிர்மறை ஆற்றல் என்று தலைமையகம் அறிவித்தது.

"இதைக் கடலுக்கு ஆர் சொல்றது?" என்று கேட்டார் கதிரவேல் அண்ணன்.

"கடலுக்குச் சொல்ல ஏலாதுதான்" என்றார் ஒத்திகை பார்க்க வந்திருந்த ஸைனுலாப்தீன் சேர். "ஆனா மீனுக்கு ஏற்பாடு செய்யலாம். எங்கட பணியகத்துக்கு எல்லாப் பக்கமும் தொடர்பு இருக்கு."

நேரடி ஒளிபரப்பு நாளன்று காலை, குளிரூட்டிய லொறி ஒன்றில் இருபது பெட்டி ஐஸ் மீன் வந்து இறங்கியது. பெட்டியில் இருந்த எழுத்தை வாசித்துவிட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. சீனாவில் ஷான்டொங் மாகாணத்தில் பிடித்து அடைத்து ஏற்றுமதியான மீன். சிங்டாவ் இருப்பது அதே மாகாணத்தில்தான்.

கதிரவேல் அண்ணனுக்கு மட்டும் அதைச் சொன்னேன். அவர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"அப்ப பிள்ளையின்ர பக்கத்தால வந்த மீன்" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முகச் சான்றின் கதையைச் சொல்வது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். கை, காது, வாய், நெஞ்சு மட்டுமில்லை அண்ணன், கண்ணும் மூக்கும்கூட வராது. நீங்கள் நிற்பீர்கள், ஆனால் ஒரு மூட்டை நிற்கிற மாதிரித்தான் தெரியும்.

"மனுசி பிள்ளைக்குச் சொல்லிப்போட்டாள், அப்பா இண்டைக்கு வருவார் எண்டு" என்றார் அவர். "அவள் தேடுவாள். நான் மூட்டையாயெண்டாலும் நிக்கத்தான் வேணும்."

நாலு மணிக்குக் கடற்கரை நிரம்பியிருந்தது. வீட்டுச் சுவர் அளவில் ஒரு திரை. அதில் சீனாவில் தெரிவது அப்படியே தெரியும், ஒரு நிமிடம் பிந்தி. நேரடி ஒளிபரப்பு என்றால் ஒரு நிமிடம் பிந்தித்தான் போகும். அந்த ஒரு நிமிடத்துக்குள் வாழ்க்கையைத் திருத்திவிட வேண்டும். இருபது பெட்டியும் ஏற்கெனவே வலையின் மடிக்குள் கொட்டப்பட்டு, முழங்காலளவு தண்ணீரில் காத்திருந்தது. இழுக்கச் சொன்னதும் குழு இழுத்தது. நாற்பது அடி தூரம் இழுக்க வேண்டிய வலையை அரை மணித்தியாலம் இழுக்கிற மாதிரி இழுக்கச் சொல்லியிருந்தார்கள். பொடியன்கள் முனகி முக்கி நன்றாக நடித்தார்கள்.

வலை கரையேறியது. மூபாய் துள்ளினான். திரையில் பார்க்கிறவர்கள் பரிசாக அனுப்பும் பட ராக்கெட்டுகள் பறந்தன, 'எவ்வளவு புதிய மீன்!' 'தூரத்துக் கடலின் மணம் இங்கே வருகிறது!' என்று கருத்துகள் பறந்தன. அதற்கு நடுவே, மூபாய்க்குப் பக்கத்தில், சாரம் கட்டிய ஒரு சாம்பல் கட்டக் குவியல் அசைந்துகொண்டிருந்தது. அதுதான் கதிரவேல் அண்ணன். கோணேஸ்வரி அக்கா அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஒரேயடியாக எரிச்சல் வந்தது. ஒரு மனிதனை உயிரோடு அழிப்பதற்கு இத்தனை கடிதம்.

அப்போது அந்தக் கட்டக் குவியல் குனிந்தது. ஒரு மீனை எடுத்தது. பழக்க தோஷம், வேறென்ன. வாலில் பிடித்துத் தூக்கி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து, தலையை வெடுக்கென்று திருப்பி, மீனை மணலில் எறிந்தது. லியு மேடம் தலையில் கைவைத்தார். ஆனால் இயந்திரத்துக்கு மணம் தெரியாது, அது ஒன்றும் செய்யவில்லை.

கொஞ்ச நேரம் ஆனது. என் வெறும் திரையில் மணி அடித்தது.

மூன்று கிழமையில் முதல் தடவை. தமிழ் எழுத்து.

'அப்பா, அது பெட்டி மீன்.'

அதற்குக் கீழே இன்னொன்று: 'இஞ்சத்தைய மீன். எங்கட கடல்ல இல்லை. மணந்து எறிஞ்சதில கண்டுட்டன் நீங்கள்தான் எண்டு. ஏனப்பா உங்களை அழிச்சு வச்சிருக்கினம்?'

முப்பது நொடிக்குள் சீனத்தில் பெயர்த்து எழுத வேண்டும். உள்ளதை எழுதினால் சிவப்பு. சிவப்பை அழுத்தினால் மகள் கண்டுகொண்டது தகப்பனுக்குத் தெரியவே தெரியாது. நான் ஆறு வருடம் குவாங்சோவில் வியாபாரம் செய்தவன், அவசரத்துக்கு ஒரு பொய் சொல்ல வராதா? முதலாவதுக்கு, 'தந்தையே, உங்கள் கடலில் மீன்வளம் பொலிக!' என்று எழுதினேன். இரண்டாவதுக்கு, 'இரு நாட்டு நட்பும் பொலிக!' என்று எழுதினேன். இயந்திரம் உடனே புள்ளி போட்டது: நேர்மறை ஆற்றல் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. பச்சையை அழுத்தினேன்.

அந்த நேரம் பார்த்து ஸைனுலாப்தீன் சேர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்திருந்தார். பெரிய திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"பெருமதிப்புக்குரிய விருந்தினர்களே! இந்த மண்ணிலே பொய்க்கு இடமில்லை. எங்கள் பணியகம் கைவைத்த எந்த விடயத்திலும் கலப்படத்தைக் காண முடியாது. இதோ இந்த மீன்கள், இன்று காலை வரை..."

அவருக்குப் பின்னால், திரையின் வலப்பக்கத்தில் புறப்பட்டு, 'அப்பா, அது பெட்டி மீன்' பறந்து வந்தது. கரையில் நின்ற முந்நூறு பேரும் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள். முதலில் ஒரு கிழவி சிரித்தாள். பிறகு கரை முழுவதும் சிரித்தது.

சேர் அதைத் தன் பேச்சுக்கான வரவேற்பு என்று எடுத்துக்கொண்டார். "ஆம், நீங்கள் மகிழ்வது நியாயமே" என்றார். "இவ்வளவு மீனை இதற்கு முன் இந்தக் கரை கண்டிருக்குமா?"

லியு மேடத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மூன்று நாள் ஒத்திகை பார்த்தும் வராத சிரிப்பு வந்துவிட்டதைக் கண்டார். "உண்மையான மகிழ்ச்சி! எல்லாக் கமராவும் மக்கள் பக்கம்!" என்று கத்தினார்.

இதற்குள் மூபாயின் கருத்துப் பிரிவு விழித்துக்கொண்டது. தமிழ் எழுத்துக்குக் கீழே என் சீன வாழ்த்துச் சின்னதாய்த் தெரியுமல்லவா? எழுத்து வளைந்து வளைந்து அழகாக இருக்கிறது, மீனவர் வாழ்த்தாம், நாமும் சொல்லுவோம் என்று அங்கே ஒரு பெட்டை எழுதினாள். அவ்வளவுதான். ஒருமுறை பச்சை கிடைத்த வசனத்தைப் பிரதி செய்து போட மறுபடி அனுமதி தேவையில்லை. நூறு வந்தது, ஆயிரம் வந்தது, பிறகு எண்ண ஏலாமல் போனது. 'அப்பா, அது பெட்டி மீன்.' 'அப்பா, அது பெட்டி மீன்.' வானம், கடல், மூபாய், மீன் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு தமிழ் பறந்தது. ஒரு நிமிடம் பிந்தி ஸைனுலாப்தீன் சேர் திரையில் தோன்றினார். கலப்படத்தைக் காண முடியாது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்க, அவருடைய நெற்றியில் ஐம்பது பெட்டி மீன் ஒரே நேரத்தில் போயிற்று.

சிரிப்பு அளவுக்கு மிஞ்சவே அவர் திரும்பிப் பார்த்தார். வாசித்தார். லியு மேடத்தைப் பார்த்தார். லியு மேடம் கண்ணீர் மல்கக் கைதட்டிக்கொண்டிருந்தார். சேர் ஒரு கணம் யோசித்தார். பிறகு அவரும் கைதட்டினார்.

நான் கதிரவேல் அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அசையவில்லை. வாய் மட்டும் எழுத்தெழுத்தாக வாசித்தது. எத்தனையாயிரம் பேர் எழுதினாலும் 'அப்பா' என்று தன்னைக் கூப்பிட்டது எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

மூபாய் ஏதோ விளங்கியவன் போல, கையில் இருந்த ஒலிவாங்கியை அவரிடம் நீட்டினான். நாற்பதாயிரம் பேர் கண்டனம் எழுதக்கூடிய காரியம் அது. அவர் அதை வாங்கி, கமராவைப் பார்த்து, கடலில் வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிடுகிற சத்தத்தில் சொன்னார்:

"ஓம் பிள்ளை! பெட்டி மீன்தான்! உங்கட பக்கத்து மீன்தான்! நீ சொன்னது சரி! நீ மீனையே படி மகள்! அப்பா பேசினது பிழை!"

லியு மேடம் என் பக்கம் ஓடிவந்தார். "என்ன சொல்கிறார்? என்ன சொல்கிறார்?"

"சீன மக்கள் எல்லாரும் இந்தக் கடலுக்கு வரவேண்டும் என்கிறார்" என்றேன். அது பெரிய பொய் இல்லை. அவர் சொன்னதற்கு உள்ளே ஒருத்தி வரவேண்டும் என்பதும் இருந்தது. தமிழில் பேசினது சீனாவுக்குப் போகவும் அந்த ஒரு நிமிடத்துக்குள் என் பொத்தான்தான் வேண்டும்.

பச்சையை அழுத்தினேன்.

அன்று நான் அனுப்பிய அறிக்கை: 'வந்த தமிழ்க் கருத்துகள்: இரண்டு. அவற்றுள் தீங்கானவை: பூச்சியம்.' பாராட்டுக் கடிதம் வந்தது. ஸைனுலாப்தீன் சேருக்கும் ஒரு கேடயம் கிடைத்தது. அதில் நிகழ்ச்சியின் மிகப் பிரபலமான வசனத்தைப் பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள், தமிழில். சேர் அதைத் தன் அலுவலகத்தில், எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதை இல்லை. ஒளிபரப்பு முடிந்து கமராக்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கோணேஸ்வரி அக்காவின் போன் அடித்தது. அவர் எடுக்கவேயில்லை, அப்படியே கணவரிடம் நீட்டினார். இந்த முறை அவர் எழும்பிப் போகவில்லை. ஐஸ் தண்ணீர்க் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். போனில் அனுஷியாவின் முகம் இருந்தது, அதே மூக்கு. மங்கலாக்க அங்கே இயந்திரம் ஒன்றும் இல்லை. கடுக்கன், பீடி, வெற்றிலைச் சிவப்பு, கையில் பச்சை குத்திய அவளுடைய பெயர், எல்லாம் அவளுக்குத் துலக்கமாகத் தெரிந்திருக்கும்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மற்றதெல்லாம் கதைக்கக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, மகள் மீனைப்பற்றிக் கதைக்கத் தொடங்கினாள். ஐஸில் கிடந்த மீனின் கண் ஏன் வெளிறுகிறது, செவுள் எப்படி நிறம் மாறுகிறது, பழுதான மீன் ஏன் மணக்கிறது. கதிரவேல் அண்ணன் படகு விளிம்பில் குந்தியிருந்தார். நாற்பது வருடம் கடலில் கிடந்த மனிதர், மீனுக்குச் செவுள் என்று ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறவர் போல, "அப்பிடியோ மகள்... பிறகு?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.